பழைமையும் பந்தியும்: வன்னியின் உணவுச்சாலைகள் பற்றிய ஒரு நோக்கு

உணவுச்சாலை ஒன்றினை மதிப்பிடுவோர் பெரும்பாலும் சுவையையும் விலையையுமே அளவுகோல்களாகக் கொள்வர். அங்கு சமைப்போர் யாவர், அமர்ந்து உண்ணும் உரிமை பெற்றோர் யாவர் என்னும் வினாக்கள் எழுவது அரிது. ஆயின் உணவுச்சாலையும் ஒரு சமுதாய நிறுவனமே. பழைமையின் பெயரால் அது போற்றப்படும்போது, அவ்வினாக்களை எழுப்புதல் இன்றியமையாததாகின்றது.

அமெரிக்காவிலே 'டைனர்' எனப்படும் சிற்றுணவுச்சாலைகள் இத்தகைய போற்றுதலைப் பெற்றுள்ளன. 1872 ஆம் ஆண்டிலே பிறொவிடன்ஸ் நகரில் வால்ரர் ஸ்கொட் என்பவர் இரவு வேளையிற் குதிரைவண்டியில் உணவு விற்கத் தொடங்கியமையே அவற்றின் தோற்றுவாய் என்பர். உழைப்பாளரின் பசி தீர்க்கப் பிறந்த அவ்வண்டி காலப்போக்கில் நிலையான கடையாயிற்று. அதன் நீண்ட மேசையும் சுழல் இருக்கையும் இன்று கடந்தகால ஏக்கத்தின் சின்னங்களாகியுள்ளன. எனினும் அந்நாட்டின் உணவு மேசைகள் யாவர்க்கும் பொதுவாய் இருந்தவையல்ல. 1960 பெப்ரவரி 1 ஆம் திகதி, வட கரோலினாவின் கிறீன்ஸ்பரோ நகரத்து வூல்வேர்த் கடையில், வெள்ளையர்க்கென ஒதுக்கப்பட்ட மேசையிலே கறுப்பின மாணவர் நால்வர் அமர்ந்தனர். பரிமாற மறுக்கப்பட்டும் அவர்கள் எழவில்லை. போராட்டம் பரவியது, அவ்வாண்டு ஜூலையில் அக்கடை தன் விதியைக் கைவிட்டது. ஏக்கத்தோடு நினைக்கப்படும் பழைமையின் மறுபக்கம் இது.

ஈழத்துத் தமிழரின் வரலாறு இதற்கு அயலானதன்று. யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளிலே தாழ்த்தப்பட்ட மக்களுக்கு இருக்கை மறுக்கப்பட்டது. தேநீரும் வேறு பாத்திரங்களிலேயே வழங்கப்பட்டது. 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் ஏட்டளவில் இதனைக் குற்றமாக்கியது. ஆனால் கடைகளின் கதவுகளைத் திறந்தது சட்டம் மட்டுமன்று; 1966 ஒக்டோபர் எழுச்சியைத் தொடர்ந்து சங்கானை, சாவகச்சேரி, நெல்லியடி முதலிய இடங்களில் மக்கள் நடத்திய தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்களே அவற்றைத் திறந்தன. எனவே 'அந்தக் காலத்துக் கடை' என்று பெருமூச்செறிவோர், அது எவருக்கு எந்தக் காலமாக இருந்தது என்பதையும் கருதுதல் வேண்டும்.

வன்னியின் நிலை வேறொரு வகையிற் சிக்கலானது. இங்கு பழைய கடை என ஒன்றைச் சுட்டுதலே எளிதன்று. கிளிநொச்சி நகரம் 1996 இலும் 1998 இலும் 2009 இலும் போரிற் கைமாறியது. கட்டடம் நிலைக்காத அம்மண்ணில் வழக்கமே நிலைத்தது. ஏ-9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையார் முன்றலிலே வாகனம் நிறுத்தி, கர்ப்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்கி, தேநீர் அருந்திப் பயணத்தைத் தொடர்வது அத்தகைய வழக்கமாகும். 2006 ஓகஸ்டில் வீதி மூடப்பட்டபோது அறுந்த அவ்வழக்கம், போர் முடிந்து வீதி திறந்தபின் மீண்டும் தளிர்த்தது. மற்றொன்று முள்ளிவாய்க்கால் கஞ்சி. 2009 இல் முற்றுகையுள் மக்களின் உயிர்தாங்கிய அக்கஞ்சி, இன்று மே மாதந்தோறும் நினைவின் பொருட்டுப் பகிரப்படுகின்றது. அது சுவைக்காக உண்ணப்படுவதன்று, விலைப்பண்டமும் அன்று.

இப்பின்னணியிலேதான் அம்மாச்சி உணவகத்தை நோக்குதல் தகும். முதலாவது வட மாகாண சபையின் காலத்தில் (2013–2018) மாகாண விவசாயத் துறையின் ஆதரவுடன் உருவாகிய இவ்வுணவகங்கள் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களிலும் பரவின. குரக்கன் புட்டு, இலைக்கஞ்சி, கொழுக்கட்டை, தோசை என்பன இங்கு பெண்களால் உண்போர் கண்முன்னே சமைக்கப்படுகின்றன. போர் ஆண்துணையை இழக்கச் செய்த குடும்பங்கள் பல வாழும் நிலத்தில், பெண்ணின் அடுப்பு வருவாய்க்குரிய தொழிற்களமாக மாறியமை சிறிய செய்தியன்று. ஆடவரின் அரட்டைக் களமாக இருந்த தேநீர்க்கடை மரபிலிருந்து இது விலகி நிற்கின்றது. யாரும் வரிசையில் நின்று வாங்கலாம். யாரும் எங்கும் அமரலாம். இவ்வுணவகத்தின் உண்மையான சிறப்பு, அது பழைமையைப் பேணுவதிலன்று. பழைமையின் இரு தீங்குகளை உடைப்பதிலேயே தங்கியுள்ளது.

எனினும் இரு குறைகளைச் சுட்டாதிருத்தல் இயலாது. 'அம்மாச்சி' என்னும் பெயர் அன்பைக் குறிக்கும் அதேவேளை உழைப்பை மறைக்கவும் வல்லது. பாட்டியின் கைப்பக்குவத்திற்கு வீட்டில் எவரும் விலை கொடுப்பதில்லை; அம்மனப்பாங்குடன் உணவகத்துள் நுழைபவர், மலிவு விலையைத் தம் உரிமையென எண்ணி, அடுப்படியில் நிற்பவளின் உழைப்புக்கு உரிய விலை யாது எனக் கேளாது மீள்வர். மேலும், 'பாரம்பரிய உணவு' என்பது யாருடைய பாரம்பரியம்? வன்னியில் ஆதிக்குடிகளும், குடியேற்றத் திட்டங்களில் வந்த யாழ்ப்பாணத்தவரும், 1958, 1977 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களின் பின் தஞ்சம் புகுந்த மலையகத் தமிழரும் வாழ்கின்றனர். ஈழத்து வழக்கில் 'அமெரிக்கன் மா' எனப்படும் கோதுமை மாவிற் சுட்ட ரொட்டியும் வெறுந்தேநீரும் கூலி உழைப்பாளரின் நெடுநாளைய உணவாகும். குரக்கன் மரபென்றால், அந்த ரொட்டி ஏன் மரபாகாது? மரபென்பது தேர்ந்தெடுக்கப்படுவது. தேர்வோர் யாவர் என்பதே வினா.

ஆகவே உணவுச்சாலையின் வயதை அதன் சுவரிலும் தளபாடத்திலும் தேடுதல் பயனற்றது. யாவரும் சமமாக அமரும் பந்தியும், சமைப்பவர்க்கு உரிய ஊதியமும் எத்துணைக் காலம் நிலைக்கின்றன என்பதே அதன் உண்மையான வயதாகும். அவ்வகையில் வன்னியின் உணவுச்சாலை இளமையானது. அது நீடு வாழ்தல் வேண்டும்.