கிடங்குக்குள் மதுக்கூடம்

சென்னை ராயபுரத்தின் பழைய கிடங்குகளைக் கடக்கும்போது சிங்கப்பூரின் கிளார்க் கீ ஞாபகம் வரும். அதுவும் ஆற்றங்கரைக் கிடங்குத் தெருதான். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த ஆற்றின் தோணித் தொழிலில் தமிழ் முஸ்லிம்களான சூலியாக்களின் கை ஓங்கியிருந்தது. 1983-இல் சரக்குத் தோணிகளை ஆற்றைவிட்டுப் பாசிர் பாஞ்சாங் கடலோரத்துக்கு அனுப்பினார்கள்; கிடங்குகளுக்கு வேலை போயிற்று. 1993-இல் கிடங்குகள் உணவகங்களும் மதுக்கூடங்களுமாகத் திறந்தன. ஓட்டுக்கூரை, மரச்சன்னல், வரிசை குலையாத முகப்பு எல்லாம் தப்பின, அதுதான் அழகு. 2006-இல் கட்டடக்கலைஞர் வில் ஆல்சப் தெருவின்மேல் விரித்த ராட்சதக் குடைகள் வெயிலுக்கு நல்லவை, கண்ணுக்கு அல்ல (என் கண்ணுக்கு).

ராயபுரத்தில் யாராவது இப்படிச் செய்தால், தரையைத் தொடாதிருக்கட்டும். மூட்டை இழுத்துத் தேய்ந்த தரைமேல் டைல்ஸ் ஒட்டுவதற்குக் கிடங்கு எதற்கு?