நான்கு போல்ட்டுக்கு ஒரு மணிவிழா

2027 ஜூன் 4 வெள்ளிக்கிழமையில் வருகிறது. லோட்டஸ் 49 கார் முதன்முதலாகப் பந்தயத்தில் இறங்கி அன்றோடு அறுபது ஆண்டு நிறைகிறது. மனிதருக்கு என்றால் இந்நேரம் திருக்கடையூருக்குத் தேதி சொல்லி, மண்டபம் பேசி, யாரைக் கூப்பிடுவது, யாரை விடுவது என்று வீட்டில் சண்டை தொடங்கியிருக்கும். 49-இன் ரசிகர்களுக்குள்ளும் சண்டைக்குக் குறைவில்லை. எங்கே வைப்பது, எந்த நிறத்துக் கார்கள் வரலாம், யார் ஓட்டுவது என்று ஆளுக்கொரு கட்சி. என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன். இடம், 49 முதலில் ஓடிய சான்ட்வோர்ட். வருகிற கார்களில் ஒன்றாவது மதியம்வரை ஓடக் கூடாது. பிரித்துப் போட்டபடி கிடக்க வேண்டும்.

குட்வுட்டில் வைத்தால் என்ன என்கிறார்கள் ஒரு சாரார். கூட்டம் தானாக வரும், கார் சொந்தக்காரர்களுக்கும் பழகிய இடம், மறுக்கவில்லை. ஆனால் வைக்கோல் கட்டுகளுக்கு நடுவே இரண்டு கிலோமீட்டர்கூட இல்லாத மேட்டுப் பாதையில் இந்தக் காரை ஏற்றி இறக்குவதில் எனக்கு ருசி இல்லை. எஞ்சின் சூடாகி வருவதற்குள் பாதை முடிந்துவிடும். ஹெதல் என்பவர்களிடம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, லோட்டஸ் தொழிற்சாலை அங்கேதான். இருந்தாலும் பிறந்த வீடு வேறு, பேர் வாங்கிய ஊர் வேறு. சான்ட்வோர்டில் வடகடல் காற்று மணற்குன்றைக் கிளப்பி வளைவுகளில் தூவும். ஓட்டுநருக்கு முந்தைய சுற்றில் கிடைத்த பிடிமானம் அடுத்த சுற்றில் இருக்காது. 1967-இல் ஓடிய பாதையின் பின்பகுதி போய்விட்டது, அங்கே இன்று விடுமுறைக் குடியிருப்புகள். டார்சான் வளைவு இருக்கிறது. ஹூகன்ஹோல்ட்ஸ் வளைவைச் சில ஆண்டுகளுக்கு முன் சாய்த்துக் கட்டி அலங்கோலம் செய்துவிட்டார்கள் என்பது என் எண்ணம். தொலைக்காட்சிக்கு அழகாக இருக்கிறதாம். 2026-ஓடு ஃபார்முலா ஒன் அங்கிருந்து மூட்டை கட்டுகிறது. நமக்கு நல்லதுதான், வாடகையாவது குறையும்.

அந்த 1967 ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி இதைப் படிப்பவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. கிரஹாம் ஹில் முதலிடத்தில் புறப்பட்டு, பத்துச் சுற்று முன்னால் போய், எஞ்சினின் டைமிங் கியர் உடைந்து நின்றதும் தெரியும். எட்டாவது இடத்திலிருந்து கிளம்பிய ஜிம் கிளார்க் பதினாறாவது சுற்றில் முன்னுக்கு வந்து, கடைசிவரை விட்டுக்கொடுக்காமல் ஜெயித்ததும் தெரியும். என்னை இன்னும் வியக்க வைப்பது வேறு. வரிக் கெடுபிடிக்காக பிரிட்டனுக்கு வெளியே தங்கியிருந்த கிளார்க், அந்த வாரம் சான்ட்வோர்டுக்கு வரும்வரை அந்தக் காரில் உட்கார்ந்ததே இல்லை. ஹில்தான் சோதனை ஓட்டம் ஓட்டியவர். புதுக் கார், புது எஞ்சின். அதிலும் 6,500 சுழற்சிவரை தூங்கிவிட்டு, அதற்கு மேல் திடீரென்று முதுகில் உதைக்கும் எஞ்சின். அதை முதல் பந்தயத்திலேயே வசப்படுத்தினார். அந்த ஆண்டு அதற்குப் பிறகு நடந்த எல்லாப் பந்தயங்களிலும் முதல் இடத்தில் புறப்பட்டது ஒரு 49தான். ஆனாலும் பட்டம் பிராபம் காரில் ஓடிய டென்னி ஹல்முக்குப் போயிற்று. வேகமான கார் ஒன்று, நின்றுவிடாத கார் இன்னொன்று, கணக்கு அவ்வளவுதான்.

இனி நான்கு போல்ட்டுக்கு வருகிறேன். இதைப் பேசத்தான் இவ்வளவும்.

49-இல் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் கார் முடிந்துவிடுகிறது. காலின் சாப்மனும் மாரிஸ் ஃபிலிப்பும் வரைந்த அந்த அலுமினியத் தொட்டி அங்கே ஒரு சுவரோடு நின்றுவிடும். அதற்குப் பின்னால் சட்டமில்லை, குழாயில்லை, எஞ்சினை ஏந்த ஒரு தொட்டிலும் இல்லை. கீத் டக்வொர்த்தின் டி.எஃப்.வி. எஞ்சினைக் கீழே இரண்டு போல்ட், மேலே இரண்டு போல்ட் போட்டு அந்தச் சுவரிலேயே மாட்டியிருப்பார்கள். கியர்பாக்ஸ் எஞ்சினில் தொங்கும். பின்சக்கரங்களின் சுமை முழுவதும் எஞ்சின் வழியாகவே முன்னால் வந்து சேரும். வளைவில் கார் முறுக்கிக்கொள்ளும்போது அந்த முறுக்கைத் தாங்குவது எஞ்சினின் உடம்பு.

கீழே உள்ள இரண்டு போல்ட் சாதாரணம். மேலே உள்ள இரண்டில்தான் என் மனசு. அவை நேராக எஞ்சினில் இறங்குவதில்லை. கேம் கவரிலிருந்து முக்கோணமாக ஒரு மெல்லிய தகடு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று நீண்டு வரும். போல்ட் அந்தத் தகடு வழியாகத் தொட்டியில் இறங்கும். ஓடிச் சூடேறியதும் எஞ்சின் விரியும். அலுமினியத் தொட்டி அந்த அளவுக்கு விரியாது. நான்கு மூலையையும் விறைப்பாகப் பிடித்துவைத்தால் எங்காவது வெடிப்பு விழும். தகடு மெல்லியதாக இருப்பதால் எஞ்சின் விரியும் திசையில் வளைந்து கொடுக்கும், கார் முறுக்கும் திசையில் இம்மியும் அசையாது. ஒரே தகடு இரண்டு வேலை செய்கிறது. நானூறு குதிரைத்திறனுக்கும் சக்கரங்களின் அத்தனை உதைக்கும் நடுவில் இத்துனூண்டு தகடு நிற்கிறது. டக்வொர்த்துக்கு ஃபோர்டு கொடுத்தது ஒரு லட்சம் பவுண்டு. அந்தத் தகடு ஒன்றுக்கே கொடுத்திருக்கலாம் என்பேன்.

முன்னோடிகள் உண்டே என்று கை தூக்குவார்கள். தெரியும். ஐம்பதுகளில் லான்சியா டி50 எஞ்சினைச் சட்டத்தோடு சேர்த்துச் சுமை தூக்க வைத்தது. 49-க்கு முந்தைய ஆண்டே லோட்டஸ் 43-இல் பி.ஆர்.எம்.-இன் பதினாறு சிலிண்டர் ராட்சதனை இதே முறையில் மாட்டினார்கள், கிளார்க் அதில் ஒரு பந்தயம் ஜெயிக்கவும் செய்தார். ஆனால் அந்த எஞ்சின் கார்க்காரன் கேட்டுச் செய்ததல்ல. கிடைத்ததைத் தூக்கி மாட்டினார்கள், எடையே அதை அமுக்கியது. 49-இல் எஞ்சினும் காரும் ஒன்றையொன்று மனசில் வைத்து வரையப்பட்டவை.

மூர் மார்க்கெட் எரிவதற்கு முந்தைய காலத்தில், அங்கே பழைய பிரிட்டிஷ் மோட்டார் பத்திரிகைகள் கட்டுக் கட்டாகக் கிடக்கும். அட்டை போயிருக்கும், நடுப்பக்கம் கிழிந்திருக்கும், கடைக்காரர் எடை போட்டுத்தான் கொடுப்பார். அதில் ஒன்றில் இந்தக் காரைப் பின்னாலிருந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். ஓட்டுநரின் தலை, அதற்குப் பின் எட்டுக் குழலும் வானம் பார்த்து நிற்கும் எஞ்சின், அப்புறம் கியர்பாக்ஸ். அவ்வளவுதான், மூடி மறைக்க ஒரு தகரம்கூட இல்லை. சோழவரத்தில் நான் பார்த்த பந்தயக் கார்களில் எஞ்சினைக் குழாய்ச் சட்டம் ஒரு கூண்டாகச் சூழ்ந்திருக்கும். இந்தப் படத்தில் கூண்டைக் காணோம். அந்தப் பக்கத்தைக் கிழித்து வெகுநாள் வைத்திருந்தேன்.

அதனால்தான் மணிவிழாவில் ஒரு காரைப் பிரிக்கச் சொல்கிறேன். நன்றாகத் துடைத்துக் கயிறு கட்டி நிறுத்திய காரில் இந்த இணைப்பைப் பார்க்கவே முடியாது. பக்கவாட்டில் எட்டிப் பார்த்தால் தகட்டின் ஓரம் மட்டும் தெரியும். சனிக்கிழமை காலை, ஜனங்கள் சுற்றி நிற்க, மெக்கானிக்குகள் தண்ணீர்க் குழாய், எண்ணெய்க் குழாய், கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றட்டும். எஞ்சினுக்கு அடியில் தள்ளுவண்டியைக் கொண்டுவரட்டும். கடைசியில் நான்கு போல்ட். வண்டியைப் பின்னால் இழுத்தால் எஞ்சின், கியர்பாக்ஸ், பின்சக்கரங்கள் எல்லாம் ஒரே துண்டாக வெளியே வரும். முன்னால் மிச்சம் இருப்பது இரண்டு சக்கரத்தோடு ஒரு தொட்டி. அந்தத் தகட்டைக் கழற்றிக் கைக்குக் கை கொடுத்துப் பார்க்க விட வேண்டும். பிறகு மாட்டி, எண்ணெயையும் தண்ணீரையும் தனியே சூடாக்கி ஏற்றி, மதியம் அதே காரைக் கிளப்பலாம். பச்சைத் தண்ணீரோடு டி.எஃப்.வி.-யைக் கிளப்புகிறவன் அதன் விரோதி.

நிறத்துக்கு வருவோம். பச்சையும் நடுவில் மஞ்சள் பட்டையும்தான் 49 என்பது என் கட்சி. சிவப்பும் வெள்ளையும் பொன்னும் கலந்த கோல்ட் லீஃப் சிகரெட் நிறத்தில் வளர்ந்தவர்களுக்கு அதுவே அழகு. அவர்களோடு எனக்குச் சண்டையில்லை, பரிதாபம் மட்டும் உண்டு. ஆனால் ஒரு நியதி வேண்டும். எந்தக் கார் எந்த நிறத்தில் பேர் வாங்கியதோ அந்த நிறத்தில் வரட்டும். ஹில் 1969-இல் மொனாக்கோவை ஐந்தாம் முறையாக ஜெயித்த காரைப் பச்சையாக அடித்துக்கொண்டு வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டும். ராப் வாக்கரின் கருநீலத்துக்குத் தனி மரியாதை. 1968-இல் பிராண்ட்ஸ் ஹாட்சில் ஜோ சிஃபர்ட் அந்த நிறத்தில் ஜெயித்தார். தன் கைக்காசைப் போட்டு, வாங்கிய காரை ஓட்டிய தனியார் அணி அது.

இறக்கை விஷயத்தில் நான் பழைமைவாதி. உயரக் கம்பத்தில் இறக்கை கட்டிய 49பி-யைப் பார்த்து உருகுகிறவர்கள் உண்டு. அந்த யோசனையில் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது: காற்றின் அமுக்கம் ஸ்பிரிங் வழியாக வராமல் நேரே சக்கரத்துக்குப் போகும். ஆனால் 1969 மே மாதம் பார்சிலோனாவில் ஹில்லின் இறக்கை முறிந்தது. பின்னாலேயே அணித் தோழர் ரிண்டினுடையதும் முறிந்து, அவர் கார் ஹில்லின் கார்மேல் மோதியது. அடுத்த பந்தயமான மொனாக்கோவிலேயே உயர இறக்கைக்குத் தடை. வேண்டுமானால் ஒரு கார் வரட்டும், நின்றபடி.

லோட்டஸ் 72-தான் பெரியது என்பார்கள் இன்னும் சிலர். பட்டக் கணக்கில் ஆமாம். ஈகிள்தான் 1967-இன் அழகி என்பவர்களிடம் நான் வாதாடவே மாட்டேன். டான் கர்னியின் அந்த மூக்கைப் பார்த்துவிட்டு யார் வாதாட முடியும்? ஆனால் 72-ஐப் பிரித்தாலும் அதே டி.எஃப்.வி., அதே இணைப்பு. 1968 முதல் மெக்லாரன், மாட்ரா என்று 7,500 பவுண்டு கொடுத்த எல்லோருக்கும் அந்த எஞ்சின் கிடைத்தது. 1983-இல் டெட்ராய்ட்வரை 155 வெற்றி. பெரும்பாலோர் இதே வழியில்தான் மாட்டிக்கொண்டார்கள்.

இப்போது நடக்கிற ஆண்டு விழாக்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. கார் வருகிறது, அதன் பக்கத்தில் ஏலக்காரரின் பலகை வருகிறது. ஒலிபெருக்கியில் பாட்டு. அறிவிப்பாளர் 'லெஜண்ட்' என்ற ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு மாலைவரை ஓட்டிவிடுகிறார். கார்கள் புதிதாக வாங்கியதைவிடப் பளபளக்கின்றன. ரிவெட்டின் தலையைக்கூடப் பாலிஷ் போட்டிருக்கிறார்கள். சாப்மன் தொழிற்சாலையில் அன்று ரிவெட் அடித்த கை அப்படி அடிக்கவில்லை. போதாததற்கு, பழைய கார் ஒன்றின் பேரைச் சொல்லிக்கொண்டு புதிதாகச் செய்தவை வேறு. ஒரிஜினல் தொட்டி எது, எந்த ஆண்டு எது மாறியது என்று ஒவ்வொரு கார் முன்னாலும் எழுதி வைக்கச் சொல்லுங்கள், பாதிப் பேர் வர மாட்டார்கள். வராமல் இருக்கட்டும். மொத்தமே ஒரு டஜன் அளவுக்குத்தான் அன்று செய்தார்கள். நிஜமானது ஐந்து வந்தால் போதும்.

அழைப்பிதழ் முதலில் போக வேண்டியது மெக்கானிக்குகளுக்கு, அப்புறம்தான் ஓட்டுநர்களுக்கு. கிளார்க், ஹில், ரிண்ட், சிஃபர்ட் யாரும் இல்லை. முதல் ஃபார்முலா ஒன் பந்தயத்திலேயே 49-ஐ முதலிடத்தில் நிறுத்திய மரியோ ஆண்ட்ரெட்டி, இதே காரில் அரங்கேறிய எமர்சன் ஃபிட்டிபால்டி, அதை ஓட்டிய ஜாக்கி ஆலிவர் வந்தால் நம் பாக்கியம். முதல் சுற்று யார் ஓட்டுவது என்று தகராறு வரத்தான் செய்யும். வாட்கின்ஸ் க்ளெனில் 1967-இல் செய்ததையே செய்யலாம். இரண்டு லோட்டஸும் ஒன்றையொன்று துரத்தி உடைந்துவிடக் கூடாதென்று கிளார்க்கும் ஹில்லும் நாணயம் சுண்டிப் பார்த்தார்கள். ஹில் வென்றார். பந்தயத்தை ஜெயித்தது கிளார்க், அதுவும் கடைசியில் பின்சஸ்பென்ஷன் ஒடிந்து, வலது பின்சக்கரம் உள்ளே சாய்ந்து நிற்க.

ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. சைலன்சர் இல்லாத கார்களை ஓட விடுகிற நாட்கள் சான்ட்வோர்டில் ஆண்டுக்குச் சிலதான். ஊர்க்காரர்களோடு போட்ட கணக்கு அது. அந்த நாட்களைப் பெரிய பந்தயங்கள் முன்கூட்டியே பிடித்துவிடுகின்றன. ஜூன் 4 கிடைக்காவிட்டால் தேதியை மாற்றி, அங்கே ஆண்டுதோறும் நடக்கும் பழைய கார் பந்தய வாரத்தோடு சேர்த்துவிடலாம் என்கிறார்கள். கூடாது. ஓட்டத்தை வேண்டுமானால் அந்த வாரத்துக்குத் தள்ளுங்கள். எஞ்சினைக் கழற்றும் வேலையைச் சனிக்கிழமையிலிருந்து எடுத்து ஜூன் 4-க்கே மாற்றிவிடலாம், ஸ்பேனர் பிடிக்க யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.