படத்துக்கு முன்னும் பின்னும்

ஆவணப்படம் பார்த்தேன் என்று நம்மவர்களிடம் சொன்னால் பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்று கிடைக்கும். "டாக்குமெண்டரியா? தூக்கம் வந்துடும்லா." இல்லையென்றால், "எதப் பத்தி?" முதல் பதிலைச் சொல்பவரோடு எனக்குச் சண்டையில்லை. இரண்டாவது பதில்தான் யோசிக்க வைக்கிறது. நாவலைப் பற்றிக் கேட்கும்போது யார் எழுதியது, எப்படி எழுதியிருக்கிறார் என்று கேட்கும் அதே வாசகர், ஆவணப்படம் என்றதும் 'விஷயத்தை' மட்டும் கேட்கிறார். விஷயம் நியாயமானது என்றால் படமும் நல்ல படம். அதற்குமேல் பேச ஒன்றுமில்லை.

ஃப்ரீடம் பிலிம் ஃபெஸ்ட்டை முன்வைத்து இதைப் பேசலாம். மனித உரிமை அமைப்பான கோமாஸ் 2003இல் தொடங்கிய விழா இது. பின்னர் ஃப்ரீடம் பிலிம் நெட்வொர்க் என்ற தனி அமைப்பு இதை ஏற்று நடத்துகிறது. லாப நோக்கம் இல்லாத அமைப்பு. விருது கொடுப்பது, மண்டபத்தில் திரையிடுவது எல்லாம் எந்த விழாவும் செய்வதுதான். இவர்கள் வேலை அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. முதலில் கேட்பது படத்தை அல்ல, படத்துக்கான முன்வரைவை. தேர்வாகும் முன்வரைவுக்கு நிதி தருகிறார்கள். கேமரா பிடித்துப் பழக்கமில்லாதவருக்குப் பயிற்சியும் வழிகாட்டியும் கிடைக்கின்றன. முடிந்த படம் விழாவில் திரையேறி, பிறகு மற்ற ஊர்களுக்கும் போகிறது. படம் முடிந்ததும் பார்வையாளர்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள்.

இதை நம் இலக்கியச் சூழலோடு ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. நம்மிடம் சிறுகதைப் போட்டிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பரிசு எப்போதும் முடிந்த கதைக்குத்தான். ஒரு தோட்டத்தின் கதையை எழுத விரும்பும் இருபத்திரண்டு வயதுக்காரரிடம், "போய் நாலு மாசம் விசாரிச்சிட்டு வா, செலவ நாங்க பாத்துக்கிறோம்" என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? அவர் எழுதி முடித்தால் மாலை போடுவோம். எழுத முடியாமல் போனால் அது நமக்குத் தெரியவே வராது.

இந்த விழாவில் 2007இல் விருது பெற்ற ஃபாமி ரேசாவின் 'செப்புலோ தாவுன் செபெலும் மெர்டேக்கா' படத்தை நம் வாசகர்கள் அவசியம் பார்க்க வேண்டும். சுதந்திரத்துக்குப் பத்து ஆண்டுகளுக்கு முன், 1947 அக்டோபர் 20 அன்று மலாயா முழுவதும் நடந்த ஹர்த்தாலைப் பற்றிய படம். புத்தெரா, ஏ.எம்.சி.ஜே.ஏ. கூட்டணிகள் சேர்ந்து மக்கள் அரசியலமைப்பு ஒன்றை முன்வைத்த காலம் அது. அந்த ஏ.எம்.சி.ஜே.ஏ.வில் ம.இ.கா.வும் இருந்தது. பின்னாளில் அக்கட்சி வேறு கூட்டணிக்குப் போனதால் இந்த ஒரு வரி நம் நினைவிலிருந்து நழுவிவிட்டது. பேச்சுவார்த்தையில் கிடைத்த சுதந்திரம் என்ற ஒற்றைக் கதைக்குப் பக்கத்தில், தெருவில் இறங்கியவர்களின் கதையையும் இந்தப் படம் வைக்கிறது. ஃபாமி ரேசா அடிப்படையில் வரைகலைஞர். அந்தக் கை படம் முழுக்கத் தெரிகிறது. பழைய ஆவணங்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பொருளாக இல்லாமல் நேற்று ஒட்டிய சுவரொட்டிபோல எழுந்து வருகின்றன. படத்தின் விஷயத்தையும் வடிவத்தையும் பிரிக்க முடியாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இனி நம்மை நேராகத் தொடும் படத்துக்கு வருகிறேன். 2013 ஜூலை 3 அன்று கோலாலம்பூர் சிலாங்கூர் சீன அசெம்பிளி மண்டபத்தில் கோமாஸ், கேலம் மேக்ரேயின் 'நோ ஃபயர் ஸோன்' படத்தைத் திரையிட்டது. இலங்கைப் போரின் இறுதி மாதங்களைப் பற்றிய படம். தணிக்கைக்கு அனுப்பாமல் திரையிட்டதாகச் சொல்லி, கோமாஸ் ஊழியர் லீனா ஹென்றி மீது 2002ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டத்தின் கீழ் வழக்கு தொடுத்தார்கள். அதிகபட்சத் தண்டனை மூன்றாண்டுச் சிறை, 30,000 ரிங்கிட் அபராதம். 2016 மார்ச்சில் விடுதலை ஆனார். அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது. உயர் நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்துசெய்தது. 2017இல் குற்றவாளி என்று தீர்ப்பாகி 10,000 ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டது. ஒரு மாலை நேரத் திரையிடலுக்கு ஏறத்தாழ நான்கு ஆண்டுகள்.

அப்போதும் பிறகும் நம்மிடையே நடந்த பேச்சு பெரும்பாலும் வழக்கைப் பற்றியது, இனத்தைப் பற்றியது. படத்தைப் பற்றிய பேச்சு குறைவு. பேச எவ்வளவோ இருக்கிறது. அந்தப் படத்தில் வரும் காட்சிகளில் ஒரு பகுதி, பாதிக்கப்பட்டவர்களே குண்டுவீச்சுக்கு நடுவில் எடுத்தவை. இன்னொரு பகுதி, சிப்பாய்கள் வெற்றிச் சின்னமாகக் கைப்பேசியில் எடுத்து வைத்துக்கொண்டவை. ஒரு சட்டகத்தில் கேமரா நடுங்குகிறது. இன்னொன்றில் கேமரா சிரிக்கிறது. கொன்றவனின் கண் வழியாகவே கொல்லப்பட்டவரை நாம் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தக் காட்சியைச் சாட்சியமாக மாற்றுவது எது? படத்தொகுப்பா, பின்னணிக் குரலா, பார்க்கும் நாமா? இதைக் கேட்காமல் அழுதுவிட்டு எழுந்து வருவது எனக்குப் போதுமானதாகப் படவில்லை. ஒருவர் நான்கு ஆண்டு நீதிமன்றப் படியேறியது நாம் இந்தப் படத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காக. ஒழுங்காகப் பார்ப்பதுதான் நாம் செய்யக்கூடிய குறைந்தபட்ச நன்றி.

2021இல் ஃப்ரீடம் பிலிம் நெட்வொர்க் 'சில்லி பவுடர் அண்ட் தின்னர்' என்ற அசைவூட்டக் குறும்படத்தை வெளியிட்டது. போலீஸ் காவலில் துன்புறுத்தப்பட்டதாகச் சொன்ன ஓர் இளைஞரின் வாக்குமூலம் அது. அந்தப் படத்துக்கும் விசாரணை வந்தது. அங்கே கேமரா இல்லை, கோட்டோவியம்தான். மூடிய அறைக்குள் நடந்ததற்குக் காட்சி ஏது? வரைந்துதான் காட்ட முடியும். இது ஒரு வடிவத் தேர்வு. ஓவியம் முகத்தை மறைத்துச் சொன்னவரின் குரலை முன்னால் கொண்டுவருகிறது.

விழா மீது எனக்கு மனக்குறையும் உண்டு. கருப்பொருளைத் தேர்ந்து முன்வரைவு கேட்கும் முறையில் ஓர் ஆபத்து இருக்கிறது. இயக்குநர் பதிலைக் கையில் வைத்துக்கொண்டே படம் எடுக்கக் கிளம்பிவிடலாம். அங்கே நான் பார்த்த சில குறும்படங்களில் பாதிக்கப்பட்டவர் பேசுவார், நிபுணர் விளக்குவார், சோகமான பியானோ ஒலிக்கும், முடிந்துவிடும். அந்த மனிதர் வீட்டில் எப்படிச் சோறு போட்டுக்கொள்கிறார், எதற்குச் சிரிக்கிறார் என்று தெரியாது. ஏழை என்ற அடையாளத்தோடு வந்தார், அதே அடையாளத்தோடு போய்விட்டார். பயிற்சி கேமராவைக் கற்றுத்தரும். காத்திருக்கக் கற்றுத்தருவது கடினம்.

அந்தக் குறையை விழா மட்டும் சரிசெய்ய முடியாது. எழுதுபவர்களும் வேண்டும். "நல்ல முயற்சி" என்று தோளில் தட்டிவிட்டுப் போகாமல், இந்த இடத்தில் ஏன் வெட்டினீர்கள், இந்தக் கிழவியை ஏன் இன்னும் ஒரு நிமிடம் பேச விடவில்லை என்று கேட்கும் விமர்சனம் வேண்டும். சிறுகதைக்கு அதைச் செய்யத் தெரிந்த நமக்கு ஆவணப்படத்துக்கும் செய்ய முடியும்.

இந்த ஆண்டு முன்வரைவு கேட்கும்போது ஒரு தமிழ் இளைஞராவது அனுப்பட்டும். லயங்கள் இடிந்துகொண்டிருக்கின்றன, அங்கே வாழ்ந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். படம் வந்ததும் யாராவது, "எதப் பத்தி?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். அடுத்த கேள்வியை நாம் கேட்போம்.