காணாமல் போன பசித்திரு

பழைய போனை மகனுக்குக் கொடுக்கலாம் என்று இந்த வாரம் எடுத்தேன். உள்ளே இருப்பதை அழிப்பதற்கு முன்னால், எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவின் 2020-ஆம் வருஷப் பேச்சை மட்டும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலாக இறக்கி வைத்தேன். ஊரடங்கு காலத்தில் சாதாரணக் குடும்பம் ஒன்று என்ன நினைத்தது, எதை நம்பியது, யாரைப் பார்த்து பயந்தது என்பதற்கு இதைவிட நல்ல ஆவணம் கிடைக்காது. கல்வெட்டு தேடி அலைகிற நமக்கு, கையில் இருக்கும் போனும் ஒரு கல்வெட்டுதான் என்பது மறந்துவிடுகிறது.

அதில் ஏப்ரல் முதல் வாரத்தில் சித்தப்பா போட்ட ஒரு ஃபார்வர்டு. சாரம் இதுதான்: அரசாங்கம் இன்று சொல்கிற “விழித்திரு, விலகியிரு, வீட்டிலிரு” என்பதை வள்ளலார் அன்றைக்கே “பசித்திரு, தனித்திரு, விழித்திரு” என்று சொல்லிவிட்டாராம். பசித்திரு என்றால் இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங், எதிர்ப்புச் சக்தி கூடும். தனித்திரு என்றால் குவாரன்டீன். விழித்திரு என்றால் விழிப்புணர்வு. நம் முன்னோர்கள் முட்டாள்கள் இல்லை. கடைசியில் எங்கள் ஆட்களில் யாரோ ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்: “இதைச் சொன்னது நம்ம கருங்குழியில்தான்.”

அதற்குக் கீழே கைகூப்பும் படங்கள் வரிசையாக. என்னுடையதும் ஒன்று இருக்கிறது. அன்று கைகூப்பியவன் இன்று அதை விமர்சிக்க உட்கார்ந்திருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

1. எந்தக் கருங்குழி?

முதலில் எளிதான தப்பைச் சரிசெய்துவிடலாம். எங்கள் கருங்குழி செங்கல்பட்டு மாவட்டத்தில், மதுராந்தகத்துக்குக் கொஞ்சம் வடக்கே, ஜிஎஸ்டி ரோட்டை ஒட்டி இருக்கிற பேரூராட்சி. இதற்கென்று தனி வரலாறு உண்டு. இங்கே ஒரு கோட்டை இருந்தது. 1759 டிசம்பரில் ஐர் கூட் அதைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்தார். அடுத்த மாதமே வந்தவாசிப் போர். பிற்பாடு கொஞ்ச காலம் செங்கல்பட்டு ஜில்லாவின் தலைமையிடமாகவும் இந்த ஊர் இருந்திருக்கிறது.

வள்ளலார் இருந்த கருங்குழி வேறு. அது இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே, கடலூர் மாவட்டத்தில், வடலூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. சென்னையை விட்டுப் போன பிறகு, 1867-இல் வடலூருக்கு மாறும் வரை அவர் தங்கியிருந்தது அங்கேதான். தண்ணீரில் விளக்கு எரிந்தது என்று பக்தர்கள் சொல்வதும் அந்த ஊரைத்தான்.

பெயர்ப் பொருத்தத்தை வைத்து ஊருக்கு ஒரு மகானைச் சேர்த்துக்கொள்வது புதுசு இல்லை, பெரிய குற்றமும் இல்லை. அந்த ஃபார்வர்டில் இதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது.

2. மூன்று கட்டளைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

வெர்ஷன் கன்ட்ரோலில் இரண்டு ஃபைல்களை ஒப்பிட்டால் எது போனது, எது வந்தது என்று சிவப்பிலும் பச்சையிலும் காட்டும். அதே மாதிரி இந்த இரண்டு வாக்கியங்களையும் வைத்துப் பார்த்தேன்.

விழித்திரு இரண்டிலும் இருக்கிறது. தனித்திரு போய் விலகியிரு வந்திருக்கிறது. பசித்திரு போய் வீட்டிலிரு வந்திருக்கிறது.

தனித்திரு, விலகியிரு இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் இலக்கணமே இரண்டையும் பிரித்துவிடுகிறது. தனித்திரு என்பதற்கு நான் ஒருத்தன் போதும். விலகியிரு என்றால் உடனே ஒரு கேள்வி வருகிறது: யாரிடமிருந்து? எதிரில் இன்னொருத்தர் இல்லாமல் விலக முடியாது. அந்த இன்னொருத்தர் யார் என்பதை முழக்கம் சொல்லவில்லை. அந்த இடத்தை ஒவ்வொரு ஊரும் தன் பழக்கப்படி நிரப்பிக்கொண்டது.

நம் ஊர்களில் விலகு என்ற சொல்லுக்குப் பழைய பாரம் இருக்கிறது. யார் யாருக்கு விலகி நடக்க வேண்டும், எந்தத் தெருவில் நடக்கக் கூடாது என்பதையெல்லாம் ஒரு வைரஸ் வந்து நமக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. “சமூக இடைவெளி நம் பாரம்பரியம், வெளிநாட்டுக்காரன் இப்போதுதான் கற்றுக்கொள்கிறான்” என்று பெருமையாக ஒரு செய்தி எங்கள் குழுவிலும் வந்திருக்கிறது. அந்தப் பாரம்பரியத்தில் எந்தப் பக்கம் நின்றோம் என்பது எழுதியவருக்கு மறந்திருக்கலாம், இடைவெளியின் அந்தப் பக்கம் நிறுத்தப்பட்டவர்களுக்கு மறந்திருக்காது. 2020 மார்ச்சிலேயே உலக சுகாதார நிறுவனம் சமூக இடைவெளி என்பதற்குப் பதிலாக உடல் இடைவெளி என்ற சொல்லுக்கு மாறியது. மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் தொடர்பில் இருக்க வேண்டும், உடல்தான் தள்ளியிருக்க வேண்டும் என்பது அதன் காரணம். நாம் கடைசிவரை சமூக இடைவெளியை விடவில்லை.

செங்கல்பட்டுக்குப் பக்கத்திலேயே திருமணி இருக்கிறது. 1924-இல் லேடி வில்லிங்டன் பெயரில் தொழுநோயாளிகளுக்கான இல்லம் தொடங்கிய இடம். 1955-இல் அது மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையமானது. நல்ல வைத்தியம் நடந்த இடம். ஆனாலும் தொழுநோய் குணமான பிறகும் ஆளைச் சேர்த்துக்கொள்ள ஊர்கள் தயங்கின. விலகலுக்குத் தொடங்கும் தேதி இருக்கும், முடியும் தேதி இருக்காது. இது நம் மாவட்டத்துக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டிய பாடம்.

3. பசித்திரு எங்கே போனது?

இப்போது பெரிய மாற்றத்துக்கு வருவோம். பசித்திரு இருந்த இடத்தில் வீட்டிலிரு.

வள்ளலார் பெயரில் வழங்கும் அந்த மூன்று சொற்களை இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங் என்று படிப்பது, அவர் வாழ்க்கையையே படிக்காமல் இருப்பது. 1866-இல் மதராஸ் மாகாணத்தில் பஞ்சம். 1867 மே 23-ஆம் தேதி வடலூரில் தருமசாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை என்கிறார்கள். ஜீவகாருண்ய ஒழுக்கம் என்ற உரைநடையில் அவர் திரும்பத் திரும்பச் சொல்வது பசியை நீக்குவதைத்தான். வந்தவர் என்ன சாதி, எந்த ஊர் என்று கேட்காமல் சோறு போடும் இடம் அது. பசித்திரு என்பது வயிறு நிறைந்தவன் தனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டியது. பசியோடு இருப்பவனிடம் சொல்ல வேண்டியது “வா, சாப்பிடு” என்பது மட்டும்தான்.

அரசு பசியை மறந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அரிசி அட்டைக்கு 1000 ரூபாயும் ரேஷனில் இலவசமாக அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெயும் கொடுத்தார்கள். ஊரடங்கில் பலர் நம்பியிருந்தது அம்மா உணவகத்தைத்தான். ஆனால் ரேஷன் கார்டு ஒரு முகவரியில் இருக்கிறது, வேலைக்கு வந்தவன் வேறொரு முகவரியில் இருக்கிறான். வீட்டிலிரு என்ற சொல்லுக்குள்ளேயும் இதே சிக்கல்தான். அது எல்லோருக்கும் வீடு இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. சூளையில், கட்டட வேலையில், மார்க்கெட்டில் தங்கி வேலை செய்தவர்களுக்கு அன்றைக்கு வேலை போனபோது தங்கும் இடமும் சேர்ந்து போனது.

இன்னொன்று. 2020 ஏப்ரல் 12-ஆம் தேதி, கட்சிகளும் தொண்டு அமைப்புகளும் மக்களுக்கு நேரடியாக உணவு, பொருள் கொடுக்கக் கூடாது, அதிகாரிகளிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அரசு அறிவித்தது. கூட்டம் கூடும், தொற்று பரவும் என்பது காரணம். வழக்குப் போனது. ஏப்ரல் 16-இல் சென்னை உயர் நீதிமன்றம், முன்அனுமதி வேண்டாம், ஆனால் 48 மணி நேரத்துக்கு முன்பே அதிகாரிகளுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று சில நிபந்தனைகளோடு அனுமதித்தது. தொற்றுக்கு அந்தக் கணக்கு சரியாக இருக்கலாம். பசிக்கு 48 மணி நேரம் என்றால் ஆறு வேளை.

ஒரு முழக்கம் மூன்று சொல்லில் எல்லாவற்றையும் சொல்ல முடியுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த முழக்கம் பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கும், நோய் பரவும் விதத்துக்கு அது சரியான அறிவுரைதான். என் விமர்சனம் அதை எழுதியவர்கள் மேல் இல்லை. அதை வாசித்த நம் மேல். கைக்கு வந்த மூன்று சொற்களை வைத்து, வீட்டில் இருக்க முடிந்தவர்கள் எல்லாம் ஒழுக்கமானவர்கள், ரோட்டில் நடந்தவர்கள் எல்லாம் பொறுப்பில்லாதவர்கள் என்று ஒரு நீதி நூலையே நாம் எழுதிக்கொண்டோம்.

அந்த டெக்ஸ்ட் ஃபைலில் ‘பசி’ என்று தேடிப் பார்த்தேன். சித்தப்பாவின் ஃபார்வர்டில் வருகிறது. வீட்டில் செய்த பிரியாணிப் படத்துக்குக் கீழே “பார்த்தாலே பசிக்குது” என்று வருகிறது. வேறு எங்கும் இல்லை.

4. மே மாதத்தில் ஒரு செய்தி

கோயம்பேடு மார்க்கெட்டை 2020 மே 5-ஆம் தேதி மூடினார்கள். அங்கே வேலை பார்த்தவர்கள் விழுப்புரம், கடலூர், அரியலூர் என்று சொந்த ஊர்களுக்குத் திரும்பினார்கள். அங்கெல்லாம் தொற்று எண்ணிக்கை ஏறியது. தெற்கே போக வழி ஜிஎஸ்டி ரோடு, அதாவது எங்கள் ஊர். குழுவில் ஃபார்வர்டுகளின் தொனியே மாறியது. “கோயம்பேடு ஆளுங்கள ஊருக்குள்ள விடாதீங்க” என்று மச்சான் எழுதியிருக்கிறார்.

அந்த வாரத்தில் ஒருநாள் மத்தியானம். நான் உள்ளே லேப்டாப்பில் மீட்டிங்கில் இருக்கிறேன். வாசலில் மூன்று பேர், மூட்டையோடு. தண்ணீர் கேட்டார்கள். அம்மா தண்ணீரைக் கொடுத்துவிட்டு, “சாப்டீங்களா?” என்று கேட்டுவிட்டார். நான் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு ஜன்னலுக்கு வந்து, “எங்கேர்ந்து வர்றீங்க?” என்றேன். மூன்று பேரும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் பெரியவர், “வண்டலூர்லேர்ந்து தம்பி” என்றார்.

அது உண்மையா, பொய்யா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் பதில் சொல்வதற்கு முன்னால் அவர்கள் யோசித்தார்கள். எந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் சோறு கிடைக்கும் என்று யோசிக்கும் நிலைமையில் அவர்களை நிறுத்தியது என் கேள்வி.

அம்மா என் பக்கம் திரும்பி, “சோத்துக்கு நிக்கிறவங்ககிட்ட இன்னாடா விசாரணை?” என்றார். கொல்லையில் வாழை இலை அறுத்து, சாதமும் ரசமும் திண்ணையில் வைத்துவிட்டுத் தள்ளி வந்து நின்றுகொண்டார். ஆறடிக்கும் மேலேயே இருக்கும். உடல் இடைவெளி என்றால் என்ன என்று அவருக்கு யாரும் ஃபார்வர்டு அனுப்பியிருக்கவில்லை.

இத்தனை வருஷமாக இதை நான் நண்பர்களிடம் அம்மாவின் கதையாகத்தான் சொல்லி வந்திருக்கிறேன். கேட்பவர்கள் நெகிழ்வார்கள். ஆனால் ஃபைலில் அதே நாள், அவர்கள் போன அரை மணி நேரத்தில், என் பெயரில் ஒரு செய்தி இருக்கிறது: “நம்ம தெருப் பக்கம் வெளியூர் ஆளுங்க நடமாட்டம் இருக்கு. எல்லாரும் கேட்டைப் பூட்டி வைங்க.” அதற்குக் கீழே கட்டைவிரல்கள்.

இப்படி எழுதியது சுத்தமாக மறந்துபோயிருந்தது. நினைவு தன் வசதிக்கு எடிட் செய்துகொள்ளும், ஃபைல் செய்யாது.

5. பாலாற்றுக்கு அந்தப் பக்கம்

ஜூன் 19 முதல் 30 வரை சென்னையோடு சேர்த்து எங்கள் மாவட்டத்தின் ஒரு பகுதிக்கும் முழு ஊரடங்கு போட்டார்கள். செங்கல்பட்டு, மறைமலைநகர் நகராட்சிகள், நந்திவரம்-கூடுவாஞ்சேரி, காட்டாங்கொளத்தூர் ஒன்றியம் எல்லாம் பட்டியலில் இருந்தன. கருங்குழி இல்லை. அதே மாவட்டம், அதே ரோடு, நடுவில் பாலாற்றுப் பாலம். குழுவில் நாங்கள் எல்லோரும் ‘அந்தப் பக்கத்துக்காரர்கள்’ என்று எழுதத் தொடங்கியிருந்தோம். அந்தப் பக்கத்தில் என் அக்கா குடும்பமே இருந்தது. அவளும் அந்தக் குழுவில்தான் இருந்தாள். அந்தப் பன்னிரண்டு நாளும் அவள் ஒரு செய்தியும் போடவில்லை என்பதை இப்போதுதான் கவனித்தேன்.

விலகியிரு என்பதில் ‘யாரிடமிருந்து’ என்ற இடம் இப்படித்தான் நகர்ந்துகொண்டே போனது. முதலில் வெளிநாட்டுக்காரன், அப்புறம் வடநாட்டுக்காரன், அப்புறம் கோயம்பேட்டுக்காரன், கடைசியில் சொந்த அக்கா.

அடுத்த தொற்று எப்போது வரும் என்று தெரியாது. வந்தால் மறுபடியும் மூன்று சொல்லில் ஒரு முழக்கம் வரும், கூடவே நம் முன்னோர்களின் பெருமை பேசும் ஃபார்வர்டும் வரும். அப்போது எந்தச் சொல்லை எடுத்துவிட்டு எந்தச் சொல்லைப் போட்டிருக்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நானும் பார்க்கிறேன்.

போனை மகனிடம் கொடுத்துவிட்டேன். ஃபைலை அழிக்கவில்லை. அக்காவிடம் அந்தப் பன்னிரண்டு நாளைப் பற்றி இன்னும் பேசவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை பாலம் தாண்டிப் போய்வரலாம் என்று அம்மா சொல்லியிருக்கிறார்.