அறிவை அஞ்சும் ஆசான்: ‘கிராபாட்’ புதினம் ஒரு பார்வை

மாயக் கதைகள் சிறுவரின் பொழுதுபோக்குக்கே உரியவை என்னும் எண்ணம் பலரிடம் உண்டு. அவ்வெண்ணத்தை மாற்றவல்ல நூல்களுள் ஒன்று, செர்மானிய எழுத்தாளர் ஒட்ஃபிரீட் பிராய்சுலர் (1923-2013) படைத்த ‘கிராபாட்’. 1971ஆம் ஆண்டு வெளிவந்த இப்புதினம், மறு ஆண்டே செர்மானிய இளையோர் இலக்கியப் பரிசைப் பெற்றது.

கதை நிகழும் களம் கிழக்குச் செர்மனியிலுள்ள லவுசிட்சுப் பகுதி. அங்கு வாழும் சோர்பிய மக்களின் பழங்கதையே இதற்கு வித்து. பதினான்கு வயதுக் கிராபாட் இரந்துண்டு வாழும் ஏழைச் சிறுவன். கனவில் ஒலித்த குரலைப் பின்பற்றி, ஊருக்கு ஒதுங்கி நிற்கும் மாவாலை ஒன்றை அடைந்து, பன்னிரண்டாவது பணியாளாகச் சேர்கிறான். உழைப்பு கடுமை, எனினும் வயிறார உணவு உண்டு. வெள்ளிக்கிழமை இரவுகளில் பணியாளர் அனைவரும் அண்டங்காக்கைகளாக மாற, ஆலைத் தலைவன் சங்கிலியால் பிணைத்த நூலிலிருந்து மாயக்கலை கற்பிக்கிறான். அக்கலைக்கு விலையும் உண்டு. ஆண்டிறுதிதோறும் பணியாளருள் ஒருவன் மாள்கிறான். அவ்வாறு ஒருவனைப் பலியிடத் தவறினால் தலைவனே மடிய வேண்டும்.

தீமை முதலில் நன்மையின் உருவிலேயே வருகிறது என்பதை ஆசிரியர் நுட்பமாகக் காட்டுகிறார். பசித்தவனுக்குச் சோறும் எளியவனுக்கு வலிமையும் அளித்தே அது மனிதனை வயப்படுத்துகிறது. வல்லமையின் சுவை கிராபாட்டையும் தொடாமல் விடவில்லை.

ஆலைத் தலைவன் ஓர் ஆசானும் ஆவான். ஆயின், மாணவன் தன்னை மிஞ்சுவது கண்டு மகிழும் ஆசான் அல்லன்; ஆற்றல் மிகுந்து தனக்கு இடராக வளர்பவனையே அவன் பலிக்குத் தேர்கிறான். ஆகவே அறிவிற் சிறந்த யூரோ, அறிவிலிபோல் நடித்து உயிர் காக்கிறான். திறமை வெளிப்பட அஞ்சும் இடத்தில் கல்வி என்பதற்குப் பொருள் யாது? புதினம் எழுப்பும் தலையாய வினா இதுவே.

பிராய்சுலர் இரண்டாம் உலகப் போரில் போர்வீரராகச் சென்று, ஐந்தாண்டுகள் சோவியத்துச் சிறைமுகாம்களில் கழித்தவர். கொடிய ஆட்சியின் கவர்ச்சியில் சிக்கிய தம் தலைமுறையின் கதையாகவே இதனை அவர் கருதினார். ஆலையின் இருள் வெறுங் கற்பனையன்று என்பதற்கு அவர்தம் வாழ்வே சான்று.

குறையும் இல்லாமல் இல்லை. கிராபாட்டை மீட்கவரும் பெண், பாடுவோரை முன்னின்று நடத்துபவள் என்னும் பொருள்படும் ‘காந்தோர்க்கா’ என்றே அழைக்கப்படுகிறாள். அவளது சொந்தப் பெயரும் அகவாழ்வும் நூலில் இடம்பெறவில்லை. முடிவைத் தாங்கும் பாத்திரம் இத்துணை மங்கலாக அமைந்தது வருந்தத்தக்கது.

ஆயினும் அம்முடிவு உயர்ந்தது. ஆலையையும் கலையையும் அளிக்கத் தலைவன் முன்வந்தும் கிராபாட் மறுக்கிறான். கண்கள் கட்டப்பட்ட நிலையிலும், தன்பொருட்டு அவன் கொண்ட அச்சத்தால் காந்தோர்க்கா அவனை இனங்காண்கிறாள். பணியாளர் மாய ஆற்றல் அனைத்தையும் இழந்து மனிதராக வெளியேறுகின்றனர். பிறர் உயிரை விலையாகக் கேட்கும் ஆற்றலை இழப்பதும் ஒரு வெற்றியே என்பதை மாணவர்க்கு உணர்த்த இந்நூல் பெரிதும் துணைபுரியும்.