மாதவியின் இரண்டாவது ஓலை

மாத்தளை மாவட்டத்து லக்கல மலைக்கிராமங்களில் மானிடவியலறிஞர் கணநாத் ஒபேசேகர கள ஆய்வு செய்தார். பத்தினி வழிபாட்டைப் பற்றி 1984ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட பெருநூல், சிங்களக் கிராமத்து உழவர் மக்கள் நம் கண்ணகியைத் தம் குலதெய்வம் போலவே போற்றி வந்ததை உலகுக்கு எடுத்துரைத்தது. அவ்வழிபாட்டோடு இணைந்தது ‘அங்கெளிய’ என்னும் கொம்பிழுப்பு விளையாட்டு. மட்டக்களப்புத் தமிழர் இதனையே ‘கொம்புமுறி’ என்பர். அங்கே ஊர் இரண்டாகப் பிரியும். தென்சேரியார் கண்ணகிக்காகவும் வடசேரியார் கோவலனுக்காகவும் கொம்பை இழுப்பர். இருமொழி மக்களையும் ஒரு கதை இவ்வாறு இணைத்திருத்தல் நாம் பெருமையோடு நினைக்கத்தக்கது. எனினும் இங்கே ஒரு வினா எழுகின்றது. கதையில் வாழ்வு சிதைந்தோர் மூவர். விளையாட்டில் சேரிகளோ இரண்டு. மாதவிக்குச் சேரி எங்கே?

கண்ணகிக்குச் சேர நாட்டில் கோயில் எழுந்தது. அக்கடவுள்மங்கலத்திற்கு இலங்கை வேந்தன் கயவாகுவும் வந்திருந்தான் என்று இளங்கோவடிகள் பாடுகின்றார். கண்டி நகரின் நான்கு பெருந் தேவாலயங்களுள் ஒன்று பத்தினிக்குரியது. மாதவிக்குக் கோயில் வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. அவளுக்குரிய நீதியேனும் நம் இலக்கிய விமரிசனத்தில் வழங்கப்பட்டதா என்பதே கேள்வி. பட்டிமன்ற மேடைகளில் ‘கற்பிற் சிறந்தவள் கண்ணகியா, மாதவியா’ என்று வாதிடுகின்றோம். இவ்வாறு இரு பெண்களை எதிரெதிரே நிறுத்திவிட்ட பின்னர், இருவரையும் வருத்திய ஆடவனும் அவனை உருவாக்கிய சமுதாயமும் நம் விசாரணைக்குத் தப்பிவிடுகின்றன.

காப்பியத்தையே நோக்குவோம். மாதவி ஐந்து வயதிற் பயிற்சி தொடங்கி, ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் சோழ மன்னன் அவையில் அரங்கேறுகின்றாள். தலைக்கோற் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் பெறுமதியான மாலையும் பரிசாகப் பெறுகின்றாள். ஒரு கலைஞரின் வெற்றி அத்துடன் நிறைவடைந்திருக்க வேண்டும். ஆனால் அம்மாலை, செல்வர் உலாவும் தெருவிற்கு ஒரு கூனியின் கையிற் சென்று, விலை கூறப்படுகின்றது. மாலையை வாங்குபவன் மாதவிக்கு மணமகன் என்பதே அவ்விற்பனையின் நிபந்தனை. கோவலன் வாங்குகின்றான். பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் காதல் வாழ்வு இவ்வாறு தொடங்குகின்றது. இதனை வருணனையாகவே படித்துப் பழகிவிட்டோம். இது ஒரு கடைத்தெரு வணிகம் என்பதை மறந்துவிட்டோம்.

இந்த விலைச்சீட்டை நினைவில் வைத்துக் கொண்டாலன்றி, பின்னர் நிகழும் பிரிவு நமக்கு விளங்காது. இந்திர விழாவின் இறுதியில் இருவரும் கடற்கரையில் இருக்கின்றனர். கோவலன் முதலில் யாழை வாங்கிப் பாடுகின்றான். அவன் உள்ளத்தில் வேறொருத்தி இருப்பது போல அப்பாட்டு ஒலிக்கின்றது. மாதவியும் அதே முறையில், தானும் வேறொருவனை நினைப்பவள் போலப் பாடுகின்றாள். ஆடவன் பாடியது கலையாயிற்று. பெண் பாடியது துரோகமாயிற்று. அவன் எழுந்து போய்விடுகின்றான். இளங்கோவடிகள் இதற்கு ஊழ்வினையைக் காரணம் காட்டுகின்றார். ஆனால் அவர் படைத்த காட்சியே அவர் சொல்லும் காரணத்தைவிட உண்மையானது. பொன் கொடுத்துப் பெற்றவன், தான் பெற்றது அன்புதான் என்று ஒருநாளும் உறுதியாக நம்ப முடியாது. ஐயம் வாங்கியவனுடைய நோய், தண்டனையோ விற்கப்பட்டவளுக்கு.

இதற்குச் சான்று வேனிற்காதையிலேயே உள்ளது. பிரிவாற்றாத மாதவி, தாழை மடலில் செம்பஞ்சுக் குழம்பு கொண்டு எழுதி, தோழி வசந்தமாலையிடம் முதல் ஓலையைக் கொடுத்தனுப்புகின்றாள். கோவலன் அதனை ஏற்க மறுக்கின்றான். அவன் கூறும் காரணம் ஆழ்ந்து நோக்கற்குரியது. அவள் தன்னோடு வாழ்ந்த நாட்களில் காட்டிய பார்வை, ஊடல், வாட்டம், மகிழ்ச்சி ஆகிய அனைத்தையும் எட்டு வகை வரிக்கூத்துக்களாக அவன் பெயரிட்டு அடுக்குகின்றான். அவை யாவும் நடிப்பே என்பது அவன் தீர்ப்பு. எந்தக் கலைக்காக அவளை நாடிச் சென்றானோ அந்தக் கலையையே அவளுக்கு எதிரான சாட்சியாக்குகின்றான். சமுதாயம் ஒருத்தியை நடிக்கவென்றே வளர்த்துவிட்டு, அவள் அழும்போதும் நடிக்கின்றாள் என்று சொல்லுமாயின் அவள் எந்த மொழியில்தான் உண்மை பேசுவது?

இரண்டாவது ஓலை மதுரைக்குச் செல்லும் வழியில் வந்து சேர்கின்றது. காடு கடந்து தேடிவந்த கோசிகன் அதனைக் கொடுக்க, அதன் இலச்சினையில் பதிந்திருந்த கூந்தலின் நறுமணமே எழுதியவள் யார் என்பதைக் கோவலனுக்கு உணர்த்துகின்றது. இம்முறை மாதவி காதலை இரக்கவில்லை. திரும்பி வருமாறும் அழைக்கவில்லை. பெற்றோருக்குச் செய்யும் பணியையும் மறந்து, குலமகளோடு இரவில் ஊரைவிட்டுப் போகும் அளவிற்குத் தான் செய்த பிழை யாதென்று அறியாமல் தன் நெஞ்சு தவிப்பதாகவும், அக்கலக்கத்தைத் தீர்க்க வேண்டுமென்றும் மட்டுமே பணிந்து எழுதுகின்றாள். கண்ணகியின் பெருமையையும் அக்கடிதம் குறைக்கவில்லை. செய்யாத பிழைக்கு மன்னிப்பை வேண்டும் இவ்வோலையே காப்பியத்தின் மிக உயர்ந்த மானிடப் பகுதி என்பது எம் துணிபு.

கோவலன் படிக்கின்றான்; தெளிகின்றான். தீது அவளுடையதன்று, தன்னுடையதே என உணர்கின்றான். இவ்விடத்தை உரையாசிரியரும் மேடைப் பேச்சாளரும் பாராட்டுவர். ஆனால் அடுத்து அவன் செய்வதென்ன? அவ்வோலையின் வாசகம் தன் பெற்றோருக்குத் தான் எழுதுவதாகக் கொள்ளவும் பொருந்துகின்றது என்று கண்டு, அதனையே அவர்களிடம் காட்டுமாறு கோசிகனிடம் கொடுத்துவிடுகின்றான். மாதவியின் பணிவு மகனின் பணிவாகிவிட்டது. அவளுடைய சொல்லைக்கூட அவன் எடுத்துக்கொண்டான். அவளுக்கென்று மறுமொழி ஒன்றும் எழுதவில்லை. அவள் குற்றமற்றவள் என்ற தீர்ப்பு எழுதியவனின் நெஞ்சிலேயே எழுதப்பட்டு, அவனோடு மதுரையில் வெட்டுண்டு போயிற்று. கண்ணகிக்குப் பாண்டியன் அவையில் வழக்குரைக்க இடம் கிடைத்தது. மாதவிக்கு அதுவும் இல்லை. அடிகள் நூலுக்குக் கூறிய உண்மைகள் மூன்று: அரசியல் பிழைத்தோர்க்கு அறமே கூற்றாதல், பத்தினியை உயர்ந்தோர் ஏத்துதல், ஊழ்வினை வந்து பயனூட்டல். இம்மூன்றனுள் எதிலும் மாதவிக்கு இடமில்லை. எனினும் அவளது ஓலையை அழியாமல் நமக்குத் தந்தவர் அடிகளே. அவரது கருத்தைவிட அவரது கலை பெரிது.

மாதவியின் உண்மையான எதிர்ப்பு பின்னரே தோன்றுகின்றது. கோவலன் இறந்த செய்தி கேட்டதும் அவள் துறவு பூணுகின்றாள். தன் மகள் கணிகையர் வாழ்வின் துயரைக் காணலாகாதென்று, மணிமேகலையின் கூந்தலையும் களைவிக்கின்றாள். தாய் சித்திராபதி சினக்கின்றாள். நம் குலத்தார் கணவனோடு இறக்கும் பத்தினியர் அல்லர், பாணன் இறந்தால் அவன் யாழ் வேறு கை சேர்வது போன்றவர் என்ற பொருள்பட அவள் பேசுவது மணிமேகலைக் காப்பியத்தில் வருகின்றது. இப்பேச்சைக் கேட்டு அவளைக் கொடியவள் என்று வெறுப்பது எளிது. ஆனால் அவள் தன் வாழ்க்கையில் கற்ற ஒரே பாடத்தையே ஒப்பிக்கின்றாள். பிறப்பால் தொழிலை வகுத்த சமுதாயம் அவள் நாவிலிருந்து பேசுகின்றது. மாதவியோ, மணிமேகலை கண்ணகியின் மகள் என்று கூறுகின்றாள். தன் குலத்தின் பெயரால் மகள் அழைக்கப்படாதிருக்கத் தன் தாய்மையையே விட்டுக்கொடுக்கின்றாள். எத்துணைப் பெரிய தியாகம்! எத்துணைக் கொடிய நிர்ப்பந்தம்!

அக்காலத்தில் அவளுக்குத் திறந்திருந்த வாயில் பௌத்தப் பள்ளி ஒன்றே. வாழ்வைத் துறந்தாலன்றி இழிவைத் துறக்க வழியில்லை. வாழ்ந்துகொண்டே இழிவைத் துறக்கும் உரிமை நெடுங்காலம் கழித்தே வந்தது. தேவதாசி குலத்துத் தாய் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டசபையில் போராடினார். அக்குலத்தில் தோன்றிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊரூராகச் சென்று பேசியதோடு, 1936இல் ‘தாசிகள் மோசவலை’ என்ற நாவலையும் எழுதினார். 1947இல் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டுதலைத் தடைசெய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறிற்று. மாதவி ஓலையில் இரந்ததை அவர்கள் சட்டத்தில் எழுதி வாங்கினர். ஆயினும் வெற்றி முழுமையானதன்று. சட்டம் வந்ததே தவிர, அப்பெண்களுக்கு மாற்று வாழ்வும் நிலமும் தொழிலும் போதிய அளவில் வரவில்லை. அவர்கள் காத்த ஆடற்கலையோ மேற்குலத்தாரின் அரங்குகளில் மதிப்புப் பெற்றது. கலை தூயதாயிற்று, கலைஞரின் மேல் ஒட்டிய பழி மட்டும் நீங்கவில்லை.

இது பழங்கதை என்று எவரேனும் கருதுவாராயின் அவர் நம் ஊர்களைப் பார்க்கட்டும். தோட்டத்து லயத்திலிருந்தும் மலைக்கிராமத்திலிருந்தும் ஆடைத் தொழிற்சாலைக்கும் வெளிநாட்டு வீட்டுவேலைக்கும் போகும் பெண்ணின் உழைப்பைக் குடும்பமும் நாடும் பெற்றுக்கொள்கின்றன. அவள் திரும்பி வரும்போது அவளுடைய ஒழுக்கத்தைப் பற்றி ஊர் விசாரிக்கின்றது. வாங்கியவனின் ஐயம் இன்னும் சாகவில்லை.

ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே! கண்ணகியின் சீற்றத்தைக் கற்பிப்போம். அது அரசின் அநீதியை எதிர்த்த சீற்றம். அதனோடு மாதவியின் இரண்டாவது ஓலையையும் வகுப்பறையில் வாசிப்போம். கற்பில் எவள் சிறந்தவள் என்ற கேள்வியைக் கைவிட்டு, அவ்வோலைக்கு ஏன் மறுமொழி வரவில்லை என்று மாணவரைக் கேட்போம். லக்கலவின் சிங்கள உழவரும் மட்டக்களப்பின் தமிழ் உழவரும் ஒரு பெண்ணின் துயரைத் தம் சொந்தத் துயராகக் கொண்டவர்கள். அத்தகைய நெஞ்சங்களில் இன்னொருத்தியின் துயருக்கும் இடமுண்டு என்பதில் ஐயமில்லை. மாதவியை மன்னிப்பது நம் வேலையன்று. அவள் மன்னிக்க வேண்டிய சமுதாயத்தை மாற்றுவதே நம் கடமை.