ஆண்களில் மட்டும்

நகராட்சி, பேரூராட்சி அந்தஸ்து இல்லாத ஊரையும் நகரமாக ஏற்க 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மூன்று கேள்விகள் கேட்டது. குறைந்தது 5,000 பேர் இருக்கிறார்களா? சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது வசிக்கிறார்களா? மூன்றாவதோடுதான் எனக்குத் தகராறு: முதன்மைத் தொழிலாளர்களான ஆண்களில் 75 சதவீதத்தினராவது விவசாயம் அல்லாத வேலை செய்கிறார்களா? ஆண்களில் மட்டும்! தென்காசிப் பக்கம் மடியில் சுளகோடு பீடி சுற்றும் பெண்கள் செய்வது வயல்வேலையா? அவர்கள் கூலியில் ஊரே உலை வைத்தாலும், ஆண்கள் வயலுக்குப் போனால் அது கிராமம்தான்.

நான் பார்ப்பது வேறு. இரவு ஒன்பது மணிக்குப் பேருந்து நிலையத்தில் தனியாக நிற்பவளை, "யார் வீட்டுப் பொண்ணு?" என்று விசாரிக்காமல் விடுகிறார்களா? அந்நேரம் பெண்கள் கழிப்பறை திறந்திருக்கிறதா? நகரம் என்று பெயர் வாங்கிய ஊர்களிலும் அந்தக் கதவில் பூட்டுத் தொங்கப் பார்த்திருக்கிறேன்.